சனிக்கிழமை காரை ஓட்டியது யார்?

பொலிஸ்காரர் வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். சோமசேகரம் வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வேலிப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. துவாயைத் தோளில் போட்டபடி போனார்.

இளம் கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பி தலையில் இல்லாததால் விஷயம் பெரிதாக இராது என்று சோமசேகரம் நினைத்தார்.

"ஐயா, உந்தக் கொட்டிலுக்கை நிக்கிற ஒஸ்ரின் கார் உங்கடையோ?"

"ஓம். என்ரை பேரிலைதான் இருக்கு. ஏன் தம்பி?"

"போன சனிக்கிழமை காலமை சுன்னாகச் சந்தைக்குக் கிட்ட ஒரு சைக்கிள்காரரைத் தட்டிப்போட்டு நிக்காமல் போட்டுதாம். அந்தாள் முறைப்பாடு குடுத்திருக்கிறார். அண்டைக்குக் கார் ஓடினது ஆர்?"

சோமசேகரம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பண்டகசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். சனிக்கிழமை காலையில் அவர் அங்கேதான் நின்றார். காரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனவர் அவருடைய மனைவி பத்மாசினி. அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். அவர் துவாயை எடுத்து, ஏற்கெனவே துடைத்த முகத்தை மறுபடியும் துடைத்தார்.

"நான்தான்," என்றார்.

"ஆளைத் தட்டினது தெரியாதோ?"

"ஒருதரையும் தட்டேல்லைத் தம்பி. தட்டியிருந்தால் நிண்டிருப்பன்."

"சரி ஐயா. நாளைக்கு லைசென்சும் கொண்டு நிலையத்துக்கு ஒருக்கா வாங்கோ. சார்ஜன்ட் வாக்குமூலம் எடுப்பார். அந்தாளையும் வரச்சொல்லியிருக்கு."

கான்ஸ்டபிள் சைக்கிளில் ஏறிப் போனார். சோமசேகரம் திரும்பியபோது பத்மாசினி குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றார். எல்லாம் கேட்டிருந்தது.

பத்மாசினி மலாயாவில், ஈப்போவில் பிறந்தவர். தகப்பன் அங்கே ரயில்வேயில் வேலை பார்த்தார். மகளுக்குக் கார் ஓடப் பழக்கியவரும் அவர்தான். கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் வந்த பிறகு பத்மாசினி அரசாங்க அலுவலகமான கச்சேரியில் சாரதிச் சோதனைக்குத் தோற்றி இங்கேயும் லைசென்ஸ் எடுத்தார். தெல்லிப்பளையில் வீடு, கிட்டவே உள்ள பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்தார். அறுபத்தெட்டாம் ஆண்டில் அந்தப் பக்கத்தில் கார் ஓடும் பெண்கள் லேடி டொக்டர் ஒருவரும் பத்மாசினியும்தான். அவர் போனால் சனங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அது அவருக்குப் பழகிவிட்டது. சோமசேகரத்துக்குப் பழகவில்லை. அவரிடமும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் கிளச்சும் அவருடைய இடது காலும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் வேலைக்கு ரயிலில்தான் போய்வந்தார்.

"சனிக்கிழமை நீங்கள் வேலையிலை எல்லே நிண்டனீங்கள்?" என்று பத்மாசினி கேட்டார்.

"நிண்டனான்தான்."

"பேந்து ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீர் என்ன கதைக்கிறீர்? உம்மைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய் மர வாங்கிலை இருத்தச் சொல்லுறீரோ? றோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாப்பான். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் கதைப்பினம். நான் போய் ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு வந்தால் முடிஞ்சுபோம்."

பத்மாசினி அகப்பையோடு வாசற்படியில் இருந்துவிட்டார். சனிக்கிழமையை மனதில் ஓட்டிப் பார்த்தார். சந்தையால் திரும்பும்போது எதிரே சுமையேற்றிய லொறி ஒன்று நடுறோட்டால் வந்தது. அவர் காரை இடதுபக்கம் ஒதுக்கினார். அப்போது பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது உண்மை. காரின் பின்பெட்டியில் ஒரு முழுப் பூசணிக்காய் கிடந்தது; அதுதான் உருண்டு அடிபடுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பூசணிக்காய் வெடித்திருக்கவில்லை. அதைப் பற்றி அவர் அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பது அவருக்கு உள்ளூரப் பெருமை.

"லொறிக்கு ஒதுக்கேக்கை ஒரு சத்தம் கேட்டதுதான்," என்றார்.

"சத்தம் கேட்டது எண்டு ஆருக்கும் சொல்லிக்கொண்டு நிக்காதையும்," என்றார் சோமசேகரம்.

மறுநாள் அவர் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சார்ஜன்ட் கிறிஸ்துநாயகம் ஐம்பதை நெருங்கிய, உடம்பு பருத்த மனிதர். கதிரை காட்டி இருக்கச் சொன்னார். சோமசேகரம் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். லொறி வந்தது, ஒதுக்கினேன், யாரையும் தட்டவில்லை. அவ்வளவுதான்.

பிறகு முறைப்பாட்டுக்காரரைக் கூப்பிட்டார். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த வெங்காயத் தோட்டக்காரர், ஏரம்பு என்று பெயர். வலது முழங்கையில் துணி சுற்றியிருந்தார். மெலிந்த, நெட்டையான ஆள். சந்தையில் விலைபடாமல் மிஞ்சிய வெங்காயச் சாக்கைச் சைக்கிளின் பின்கரியரில் குறுக்காகக் கட்டிக்கொண்டு திரும்பும்போது பின்னால் வந்த காரின் பின்கதவுப் பிடி சாக்கில் கொழுவி இழுத்ததாகவும், தான் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனதாகவும் அவர் முறையிட்டிருந்தார். வாய்க்காலுக்குள் கிடந்தபடியே கார் இலக்கத்தை வாசித்தவரும் அவர்தான்.

"இவர்தான் கார் ஓடினவர். உமக்கு வேறை என்னவும் சொல்ல இருக்கோ?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

ஏரம்பு சோமசேகரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரில்லை ஐயா. ஒரு பொம்பிளை ஓடினது. நான் முதல்நாளே சொன்னனான், உவை எழுதேல்லை."

சுவரோடு நின்ற கான்ஸ்டபிள்கள் இருவர் சிரித்தார்கள்.

"எந்தப் பொம்பிளையப்பா சந்தைக்குக் கார் ஓடிக்கொண்டு வாறது?" என்றார் ஒருவர்.

"கண்ணாடி போட்ட பொம்பிளை. நான் கண்டனான்."

"காலமை கோயிலடிக்குப் போனனீரோ, கள்ளுக் கொட்டிலடிக்குப் போனனீரோ?"

இந்த முறை சார்ஜன்டும் கொஞ்சம் சிரித்தார். ஏரம்புவின் முகம் மாறியது. பிறகு சோமசேகரத்தின் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் படிச்ச ஆக்கள். மெய்யா நீங்களே ஓடினனீங்கள்?" என்று கேட்டார்.

சோமசேகரம் மேசையில் கிடந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்," என்றார்.

ஏரம்பு வெளியே போனார். அவருடைய சைக்கிளின் முன்சில்லு நெளிந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து உருட்டிக்கொண்டு போவது யன்னலால் தெரிந்தது.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சோமசேகரம் நடந்ததைச் சொன்னார். முதலில் லேசாகத்தான் சொன்னார்.

"விஷயம் முடிஞ்ச மாதிரித்தான். அந்தாள் கண்ணாடி போட்ட பொம்பிளை ஓடினது எண்டு நிண்டுது. பொலிசார் வெறியிலை விழுந்திருப்பார் எண்டு நினைக்கினம்."

"அந்தாள் குடிச்சிருந்தவரோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் ஓடினதைத்தானே அந்தாள் கண்டிருக்கு. குடிச்சவருக்குக் கண்ணாடியும் தெரியுமோ?"

சோமசேகரம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேறை என்ன சொன்னவர்?" என்று பத்மாசினி கேட்டார்.

"பின்கதவுப் பிடியிலை சாக்கு கொழுவினதாம்."

பத்மாசினி எழுந்து கொட்டிலுக்குப் போனார். சோமசேகரமும் பின்னால் போனார். இடதுபக்கப் பின்கதவின் பிடிக்கும் தகரத்துக்கும் இடையிலிருந்த நீக்கலில் சணல் நார்கள் சில சிக்கியிருந்தன. பத்மாசினி அவற்றை இழுத்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எப்பவாவது சாக்கு ஏத்தினதாயிருக்கும்," என்றார் சோமசேகரம்.

"பின்கதவாலை நாங்கள் சாக்கு ஏத்திறேல்லை."

அதற்குப் பிறகு அவர் கன நேரம் காரின் பக்கத்திலேயே நின்றார். ஒரு மனிதன் தன் காரில் கொழுவுண்டு விழுந்திருக்க, தான் பூசணிக்காயை நினைத்துக்கொண்டு போனது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. லொறிச் சில்லுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தை முடிக்க முடியவில்லை.

"நாளைக்கு நான் போறன்," என்றார்.

"போய்? நான் கையெழுத்து வைச்சிட்டு வந்திருக்கிறன். நான் பொய்க்காரன் எண்டு சொல்லப் போறீரோ?"

"நான் ஓடினனான் எண்டு சொல்லப் போறன். உங்களைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் சோமசேகரம்.

அது சரிதான் என்று பத்மாசினிக்கும் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை பாடசாலையில் சொல்லிவிட்டுக் காரிலேயே போனார். நிலைய வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்கியபோது, முதல்நாள் சிரித்த கான்ஸ்டபிள் ஒருவர் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாரதிப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே வேறொருவரும் இல்லை.

பத்மாசினி சார்ஜன்டின் மேசைக்கு முன்னால் இருந்து, லைசென்சை எடுத்து வைத்தார்.

"சனிக்கிழமை நான்தான் கார் ஓடினனான். லொறிக்கு ஒதுக்கேக்கை பின்னாலை ஒரு சத்தம் கேட்டது. பின்னுக்குப் பாக்கிற கண்ணாடியிலை பார்த்திருக்க வேணும், பார்க்கேல்லை. நேற்றுக் கதவுப் பிடியிலை சாக்கு நார் இருந்தது. அந்த மனிசன் சொன்னது முழுக்க மெய்."

கிறிஸ்துநாயகம் லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனையை மூடினார்.

"ரீச்சர், உங்கடை மிஸ்டர் நேற்றுக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிருக்கிறார். இப்ப நான் உங்கடையை எழுதினால் அவற்றை பொய்யாப் போயிடும். பொலிசுக்குப் பொய் சொன்னது சின்ன விஷயமில்லை. நீங்கள் வீட்டை போங்கோ. இது இப்பிடியே ஆறிப்போம்."

"அந்தாள் வெறியிலை விழுந்தது எண்டு எழுதியோ?"

"அப்பிடி எழுதேல்லை. பார்வை தெளிவில்லை எண்டுதான் எழுதினனான்."

"வாய்க்காலுக்குள்ளை கிடந்து கார் நம்பரை ஒரு இலக்கம் பிசகாமல் வாசிச்ச ஆளுக்கோ பார்வை தெளிவில்லை?"

கிறிஸ்துநாயகம் வெளியே பார்த்தார். பிறகு பேனையைத் திறந்தார். எழுதி முடிந்ததும் கான்ஸ்டபிளை அனுப்பி ஏரம்புவைக் கூட்டிவரச் சொன்னார்.

ஏரம்பு கான்ஸ்டபிளின் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். இன்னொரு தரம் சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கி வாசலோடு நின்றுவிட்டார். பத்மாசினி எழுந்து திரும்பினார்.

"இவதான்!" என்றார் ஏரம்பு. "இவதான் ஐயா! கண்ணாடி. நான் சொன்னனான் எல்லே?"

அவருடைய குரல் நிலையம் முழுவதும் கேட்டது. அடிபட்டவர் அடித்தவரைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று சார்ஜன்ட் பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

"நான்தான் ஐயா," என்றார் பத்மாசினி. "உங்களைத் தட்டினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேணும். பிழை என்ரை. கை எப்பிடி இருக்கு?"

"கை கிடக்கட்டும்." ஏரம்பு முழங்கையைத் தடவிக்கொண்டார். "நான் வழக்கு வேணுமெண்டு வரேல்லைப் பிள்ளை. கார்க்காரர் நிக்காமல் போட்டினம், அதை ஒருக்கா ஆரும் கேக்கட்டும் எண்டுதான் வந்தனான். வந்த இடத்திலை பொம்பிளை ஓடினது எண்டு சொல்லப்போய் நான் வெறிகாரனானன். நான் முந்திக் குடிச்சனான்தான். ஒளிக்கேல்லை. மூத்தவள் பெரியபிள்ளையான நாளோடை விட்டனான். நேற்று இஞ்சை சிரிச்ச கதை எனக்கு முந்தி ஊருக்குப் போட்டுது. மனிசி பூரணம் என்னோடை கதைக்கிறாளில்லை. திரும்பத் தொடங்கிட்டன் எண்டு நினைக்கிறாள். சோத்தை வைச்சிட்டு அங்காலை போறாள்."

முதல்நாள் கள்ளுக் கொட்டிலைப் பற்றிக் கேட்ட கான்ஸ்டபிள் விறாந்தைக்குப் போய்விட்டார்.

"உங்களுக்கு என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ," என்றார் சார்ஜன்ட். இந்த முறை உமக்கு என்று சொல்லவில்லை.

ஏரம்பு யோசித்தார். பிறகு பத்மாசினியைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கள் ஒருக்கா வந்து என்ரை மனிசியிட்டைச் சொல்லவேணும். நான் சொன்னால் நம்பாள். அந்தக் காரிலையே வரவேணும்."

அப்படியே நடந்தது. ஏரம்பு காரின் முன்சீற்றில் ஏறி, சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார். புன்னாலைக்கட்டுவன் ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. தோட்டங்களில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

"பிள்ளை, கொஞ்சம் மெதுவாப் போங்கோ," என்றார் ஏரம்பு.

"பயமாயிருக்கோ?"

"இல்லை. ஆக்கள் பாக்கட்டும்."

பத்மாசினி கியரைக் குறைத்தார். பார்க்கிறவர்கள் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்றுதான் அவர் இதுவரை கார் ஓடியிருக்கிறார். அன்றைக்கு நடந்துபோகிற வேகத்தில் ஓடினார். சந்தி தேநீர்க் கடையில் இருந்த ஒருவரைக் கண்டதும் ஏரம்பு யன்னலால் தலையை நீட்டி, "இவதான் அண்ணை! நான் சொன்ன பொம்பிளை!" என்று கத்தினார்.

பூரணம் முற்றத்தில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். கார் வாசலில் நின்றதையும், அதை ஓட்டிவந்தவர் இறங்கியதையும், அதற்குப் பிறகு மற்றப் பக்கத்தால் தன் புருஷன் இறங்கியதையும் பார்த்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

பத்மாசினி நடந்ததைச் சொன்னார். தன்னுடைய பிழை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பூரணம் முழுவதையும் கேட்டுவிட்டு, "பின்னை ஏன் நேற்று உங்கடை அவர் தான்தான் ஓடினது எண்டு சொன்னவர்?" என்று கேட்டார்.

பத்மாசினி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"நான் பொலிசுக்குப் போகக்கூடாது எண்டு நினைச்சிட்டார்," என்றார்.

"உங்களைக் காக்கப் பாத்திருக்கிறார். அதுக்கு என்ரை மனிசன் வெறிகாரனாக வேணுமோ?"

"இல்லை. அதுதான் நான் வந்தனான்."

பூரணம் கத்தியை வெங்காயக் குவியலில் வைத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "அந்தத் துணியை அவிட்டுக் கையைக் காட்டுங்கோ பாப்பம்," என்றார். முதல்நாள் தொடக்கம் அவர் கணவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். ஏரம்பு குந்தியிருந்து கையை நீட்டினார். காயம் பழுக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று பத்மாசினி சொன்னார். வேண்டாம் என்று ஏரம்பு சொன்னார். போகத்தான் வேண்டும் என்று பூரணம் சொன்னார். மூன்று பேரும் போனார்கள். பூரணம் பின்சீற்றில் இருந்தார். போகும் வழியில் ஒருமுறை மட்டும், "உது ஓடுறது கஷ்டமோ?" என்று கேட்டார்.

ஏரம்பு முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். சைக்கிள் சில்லைத் திருத்திக் கொடுப்பது பத்மாசினியின் பொறுப்பென்று பேசி முடித்தார்கள். இனிமேல் கவனமாக ஓட வேண்டும் என்று சார்ஜன்ட் அவரை எச்சரித்து, எச்சரித்ததாக எழுதிக்கொண்டார். மிஞ்சியது சோமசேகரத்தின் கையெழுத்து மட்டும்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அன்றைக்குக் கதிரை கிடைக்கவில்லை. சோமசேகரம் நீண்ட மர வாங்கில், ஆடு களவு கொடுத்த கிழவர் ஒருவருக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். றோட்டால் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் தெரிந்தவர்கள் இருவர் சைக்கிளைக் காலூன்றி நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் சார்ஜன்ட் கூப்பிட்டார்.

"வழக்குப் போடலாம். போடேல்லை. மற்றாள் மனம் வைச்சதாலை விடுறன். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சோமசேகரம் நிறையக் காரணங்களை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"வாயிலை வந்திட்டுது," என்றார்.

சார்ஜன்ட் புது வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினார். வெளியே வந்த சோமசேகரம் வீட்டுக்கு நேரே போகவில்லை. பஸ் எடுத்துப் புன்னாலைக்கட்டுவனுக்குப் போய், விசாரித்து விசாரித்து ஏரம்புவின் வீட்டைப் பிடித்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவர் பத்மாசினிக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது கையில் இரண்டு பிடி வெங்காயம் இருந்தது. அதைக் குசினியில் வைத்துவிட்டுப் போய்க் குளித்தார்.

அடுத்த கிழமை முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. கோபமா வெட்கமா என்று பத்மாசினி கேட்கவும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே தொடங்கினார்.

"தொழிற்சாலையிலை எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது."

"என்ன சொல்லுகினம்?"

"சிலபேர் பகிடி விடுகினம். ஒருதன் தன்ரை மகளுக்குக் கார் பழக்கிவிடுவியளோ எண்டு கேட்டவன். அவள் நேர்ஸ் வேலைக்குப் படிக்கிறாளாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை மனிசியைத்தான் கேக்கவேணும் எண்டு சொன்னனான்."

பத்மாசினி அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். ஏரம்புவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்த பிறகு அவர் காரை எடுத்தது ஒரேயொரு தரம்தான். அதுவும் பாடசாலை வரைக்கும். பின்னால் சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்தி இறங்கிப் பார்த்துக்கொண்டு போனார்.

"இப்ப வேண்டாம்," என்றார். "கொஞ்ச நாள் போகட்டும். முதல்லை எனக்கே கண்ணாடியைப் பார்த்து ஓடப் பழகவேணும்."

சோமசேகரம் தலையாட்டிவிட்டு ரசம் கேட்டார்.